அப்பாவுக்குத் தமிழில் சொன்ன கணக்கு

நிதியியல் துறைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது, இன்டர்னல் மார்க் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் துறையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஓய்வு பெற்றுவிட்ட என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க அனுபவத்துல ஏதாவது சொல்லுங்க மேடம்" என்று கேட்கிறீர்கள். ஒரே ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயர் தாரணி. இத்தனை காலம் பாடம் நடத்தியதில் நான் வாயடைத்து நின்ற நாட்கள் சில உண்டு. அவளுடைய புராஜெக்ட்டுக்கு வாய்மொழித் தேர்வான வைவா நடந்த நாளைப் போல இன்னொன்று இல்லை.

பி.காம் ஃபைனான்ஸ் சேர நம் கல்லூரிக்கு எப்படிப்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள் என்பதை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள். பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு தொழில் ஓடிக்கொண்டிருக்கும். லேத், பவுண்டரி, பனியன் கம்பெனி, விசைத்தறி, கோழிப்பண்ணை. அட்மிஷனுக்குக் கூட வருகிற அப்பாக்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏனுங்க மேடம், இதைப் படிச்சா பேங்க்ல வேலை கிடைக்குங்களா?" கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவோம். அவர்கள் தொழிலுக்கும் நாம் நடத்தும் பாடத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர்களும் நினைப்பதில்லை, பிள்ளைகளும் நினைப்பதில்லை.

இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் 'இன்றைய மதிப்பு' என்ற பாடம் வரும். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு லட்ச ரூபாயும் இன்றைக்குக் கையில் இருக்கும் ஒரு லட்ச ரூபாயும் சமம் கிடையாது, அந்த எதிர்காலப் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்போம். மொத்தம் ஒரு வரிச் சூத்திரம். ஆனால் அது புரிகிற நிமிடத்தில் வகுப்பு ஒரு மாதிரி அமைதியாகிவிடும், கவனித்துப் பாருங்கள். இன்னும் வராத காலத்தை இழுத்து வந்து மேசைமேல் வைத்து நிறுத்துப் பார்க்க முடிகிறது என்றால் அது சின்ன விஷயமா? எத்தனையோ முறை நடத்திய பிறகும் அந்த இடம் வரும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

தாரணியின் வகுப்பில் அன்று பாடம் முடிந்ததும் அவள் மட்டும் எழுந்து வந்தாள். கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருகிற பெண். முதல் ரேங்க் எல்லாம் இல்லை. ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றால் ஒவ்வொரு வார்த்தையாக யோசித்து வைப்பாள்.

"மேடம், இதை நெஜமான தொழிலுக்குப் போட்டுப் பாக்கலாங்களா?"

"அதுக்குத்தானே படிக்கறோம்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் வருடம் புராஜெக்ட் வந்தது. எல்லோரும் செய்வதைப் போல ஏதாவது பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வருவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தன் அப்பாவின் ஆலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய அப்பா பழனிசாமி வெள்ளகோவில் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருந்தார். கொப்பரையை வாங்கிக் காயவைத்து ஆட்டி எண்ணெயாக்கி விற்கிற சிறிய ஆலை. அவரே நின்று நடத்துவது. அதைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"புது மெஷினு, புது ஷெட்டு எல்லாம் போடப் போறாருங்க மேடம். தோட்டத்தை அடமானம் வெச்சு லோன் எடுக்கறாரு. அது கட்டுபடியாகுமான்னு பாக்கறதுதான் என் புராஜெக்ட்டு."

எனக்குப் பயமாக இருந்தது. அப்போது எங்கள் துறைத் தலைவராக இருந்தவர் நிதானமான மனிதர். அவரிடம் போய்க் கேட்டேன். "வேண்டாம்மா. குடும்ப விஷயம் காலேஜுக்குள்ள வந்தா சிக்கல். ஏதாவது ஒரு பெரிய கம்பெனியைக் குடுத்துடுங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரிய கம்பெனியைப் பற்றி ஒரு மாணவி என்ன விடை எழுதினாலும் யாருடைய வீட்டிலும் அடுப்பு அணையாது. இங்கே அப்படி இல்லை.

மறுநாள் தாரணியைக் கூப்பிட்டேன். "வேண்டாம்னு விடை வந்தா என்ன பண்ணுவே?"

"அப்பவும் விடை விடைதானுங்களே மேடம்."

அந்தப் பதிலுக்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. துறைத் தலைவரிடம் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். தாரணிக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எண்ணெய் விலை எவ்வளவு ஏறும், மெஷின் எத்தனை வருடம் உழைக்கும் என்று எதையெல்லாம் அனுமானமாக வைக்கப் போகிறாளோ, அவற்றைக் காரணத்தோடு முதலிலேயே என்னிடம் சொல்லிவிட வேண்டும். விடையைப் பார்த்த பிறகு மாற்றக் கூடாது. மாற்றுவதானால், விடை பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க வேண்டும். பின்னாளில் புராஜெக்ட் பார்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.

அவள் உழைத்தாள். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் கொப்பரை மண்டிக்காரர்களிடம் போய் விலை விசாரித்தாள். கரண்ட் பில்லைப் பார்த்தாள், மெஷின் பழுது பார்க்கிறவரிடம் பேசினாள். பழனிசாமியும் கேட்டதையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாராம். மகள் நம் ஆலையைப் பற்றிக் காலேஜில் எழுதுகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஒரு நாள் மதியம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மைனஸ்ல வருதுங்க மேடம்."

உட்காரவைத்து முதலிலிருந்து பார்த்தேன். கூட்டிக் கழித்ததில் தவறு இல்லை. வட்டி சரி. மெஷின் விலை சரி. பின்னால் வரப்போகும் லாபத்தையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், போடுகிற முதலை விடக் குறைவாகவே இருந்தது.

அவள் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். "எண்ணெய் வெலை நான் வெச்சதை விடக் கொஞ்சம் எச்சா ஏறும்னு போட்டா, பிளஸ் ஆயிருதுங்க மேடம். நெம்ப இல்லைங்க. கொஞ்சமாத்தான்."

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "மாற்றக் கூடாது, நிபந்தனை போட்டிருக்கிறேன்" என்று சொல்லலாம். அது சுலபம். அவளும் கீழ்ப்படிந்துவிடுவாள், ஆனால் மனசுக்குள் அந்த எண் உறுத்திக்கொண்டே இருக்கும். நான் கேட்டேன்: "அவ்வளவு ஏறாதுன்னு என்னால சொல்ல முடியாது தாரணி. ஏறும்னு நீ நம்பறயா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கீபோர்டின் மேல் இருந்தது. அப்புறம் எடுத்துவிட்டாள்.

"இல்லைங்க மேடம். அப்பாவுக்குப் புடிச்ச விடை வரோணும்னுதான் மாத்தப் பாக்கறேன்."

"வீட்ல சொல்லிட்டயா?"

"இன்னும் இல்லைங்க. வைவா முடிஞ்சதும் ஊருக்குப் போயி, பக்கத்துல உக்காந்து பொறுமையாச் சொல்லிக்கறனுங்க."

ஆனால் வைவா அன்றைக்குப் பழனிசாமியே வந்துவிட்டார். வெள்ளகோவிலில் பஸ் ஏறி, கோவை சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ் மாறி வந்திருந்தார். சலவை வேட்டி, சட்டைப் பையில் பேனா. என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"புள்ள நம்ம ஆலையைப் பத்திப் பேசுதாமாங்க. ஓரமா உக்காந்து கேட்டுப்போட்டு, அப்படியே கணபதில இருக்கற பட்டறைக்குப் போயி மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. பட்டறைக்காரரு இன்னைக்கு வரச் சொல்லியிருக்காருங்க."

பக்கத்தில் நின்ற தாரணி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. வெளியாட்களை வைவாவுக்குள் விடுவதில்லை என்று விதியே இருக்கிறது. அதைச் சொன்னால் போதும். அவர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். அவளைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டேன். "அப்பாவை வெளியே உக்காரச் சொல்லட்டுமா? உனக்கு எப்படி வேணும்னாலும் செய்யறேன்."

"வேண்டாங்க மேடம். அட்வான்ஸைக் குடுத்துட்டா அப்புறம் சொல்லி என்னங்க பிரயோசனம்? உள்ளயே இருக்கட்டுங்க."

அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிறைந்திருக்காது.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கறாரானவர் என்று பெயரெடுத்தவர். அவரிடம் அனுமதி கேட்டேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். "முதலாளியே வந்திருக்காரா? உக்காரட்டும்" என்றார்.

தாரணி வழக்கம்போல ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் பழனிசாமி முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. ஆனால் திரையில் அவருடைய ஆலையின் போட்டோ வந்தபோது முகம் மலர்ந்தது. அடுத்து செலவு, வரவு, வட்டி என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. முடிவு வர வேண்டிய இடத்தில் அவள் நின்றாள்.

"சார், இதுக்கு மேல தமிழ்ல சொல்லட்டுங்களா? இந்த முடிவை எடுக்க வேண்டியவரு அங்க உக்காந்திருக்காருங்க."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். தலையசைத்தார்.

அவள் எங்கள் பக்கமிருந்து திரும்பி அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"அப்பா, புது மெஷின் போட்டா லாபம் வரும்ங்கப்பா. நீங்க சொன்னதுல தப்பே இல்லை. ஆனா அது மொதல்ல கொஞ்சமா வருது, பின்னாடிதான் பெருசா வருது. லோனுக்கு வட்டி மொத மாசத்துல இருந்தே கட்டோணும். பின்னாடி வர்ற பணம் இன்னைக்கு என்ன பெறும்னு கொண்டாந்து பாத்தா, நாம போடறதை விடக் கம்மியா இருக்குதுங்கப்பா."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் போகவில்லை. "அப்ப?" என்றார்.

"அப்ப, இந்த வெலைக்கு, தோட்டத்தை வெச்சு, இப்பப் போட வேண்டாங்கப்பா. இருக்கற ஆலையை இப்படியே ஓட்டுனா அது நல்லாத்தான் ஓடும்."

பழனிசாமி கைகளை முழங்காலிலிருந்து எடுத்துக் கோத்துக்கொண்டார். அவளைப் பார்த்துக் கேட்டார்.

"அப்ப நான் இத்தனை வருசமா அந்த ஆலைக்குள்ள போட்டதெல்லாம் என்ன கண்ணு? அதுக்கு உன்ற கணக்குல எடமே இல்லையா?"

நமக்கெல்லாம் இதற்குப் பதில் தெரியும். போன செலவு போனதுதான், புதிய முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். அந்த வரியை அந்த மனிதரிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய இளமையைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெண் என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்தேன்.

தாரணி சொன்னாள்: "அது எனக்குச் சோறு போட்டுச்சுங்கப்பா. ஊட்டைக் கட்டுச்சு. என்னை இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்குது. நீங்க போட்டதுக்கு உண்டான பலனை அந்த ஆலை குடுத்துருச்சு. அதை இந்தப் புது மெஷினு சம்பாதிச்ச மாதிரி எழுத எனக்கு மனசு வரலைங்கப்பா."

இத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறேன். அந்தப் பாடத்துக்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. என் கையிலிருந்த மதிப்பெண் தாளை அப்படியே மடியில் வைத்துக்கொண்டேன்.

தேர்வாளர் விடவில்லை. அது அவர் வேலை. "சரிம்மா, உன் பேச்சைக் கேட்டு அப்பா விட்டுடறார். அடுத்த வருஷமே எண்ணெய் விலை ஏறிடுது. அப்ப என்ன சொல்லுவே?"

"ஏறலாங்க சார். ஏறாதுன்னு நான் சொல்லலைங்க. இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானுங்க. தெரியாததை நம்பித் தோட்டத்தை வெக்க வேண்டாம்னுதான் சொல்றனுங்க."

அவர் வேறு கேள்வி கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

தாரணியை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் பழனிசாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "கோவமாங்க?" என்றேன்.

"வந்துச்சுங்க. இல்லைன்னு சொன்னாப் பொய்யி. பத்துப் பேரு முன்னாடி இப்படிச் சொல்லிப்போட்டாளேன்னு இருந்துச்சு." சாலையைப் பார்த்தபடி பேசினார். "அப்புறம் இங்க வந்து நின்னு நெனச்சுப் பாத்தனுங்க. பேங்க்காரரு கையெழுத்துப் போடற எடத்தைக் காட்டுனாரு. மெஷின்காரரு எத்தனை டன் ஓடும்னு சொன்னாரு. இது எனக்கு ஆகுமா ஆகாதான்னு ஒருத்தரும் உக்காந்து பாக்கலைங்க. எம்பட புள்ளதான் மெனக்கெட்டிருக்குது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அது சொல்றது சரிங்களா மேடம்?"

ஆமாம் என்று சொன்னால் அவர் நிம்மதியாகப் போவார். என் வயசுக்கும் வேலைக்கும் உள்ள மரியாதையில் அப்படியே ஏற்றுக்கொள்வார். ஆனால் எனக்கு இல்லாத நிச்சயத்தை நான் எப்படிக் கொடுப்பது? "அவ போட்ட கணக்கு சரிங்க. நான் பாத்துட்டேன். நாளைக்கு வெலை என்ன ஆகும்னு அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். அதற்குள் கணபதி வழியாகப் போகும் டவுன் பஸ் வந்து நின்றது. அவர் ஏறினார். நான் பஸ் பக்கத்தில் ஓடினேன்.

"எங்கீங்க போறீங்க?"

படியில் நின்றபடி சொன்னார். "பட்டறைக்குத்தானுங்க. வாரேன்னு சொல்லியிருக்கேன். வேண்டாங்கறதையும் நேர்ல போயித்தானுங்களே சொல்லோணும்?"

பஸ் போய்விட்டது. உள்ளே வந்து தாரணியிடம் சொன்னபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். அப்பா முன்னால் நின்று சொன்னபோது ஒரு துளி கண்ணீர் வரவில்லை.

கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். மாணவி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினாள் என்று நீங்களும் மகிழ்ச்சியாக எழுந்து போகலாம். நடந்தது வேறு.

தாரணி படிப்பை முடித்துக் கோவையிலேயே ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கொஞ்ச காலத்தில் கொப்பரை விலை ஏறத் தொடங்கியது. எண்ணெய் விலையும் கூடவே ஏறியது. நீங்களே வீட்டுக்கு வாங்கும்போது பார்த்திருப்பீர்கள். பழனிசாமிக்குப் பக்கத்து ஆலைக்காரர் துணிந்து கடன் வாங்கி மெஷின் போட்டிருந்தார். அவருக்கு நல்ல லாபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி ஊரிலிருந்து போன் பண்ணினாள்.

"மேடம், அன்னைக்கு நான் மாத்தப் பாத்த எண்ணு இருக்குதுங்களே... வெலை அதையும் தாண்டிப் போயிருச்சுங்க." பிறகு கேட்டாள். "நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

என்னிடம் பதில் இருந்தது. ஒரு முடிவு நல்லதா கெட்டதா என்பதை எடுக்கும்போது தெரிந்திருந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும், பிறகு நடந்ததை வைத்து அல்ல என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவள்தான் நான். ஆனால் அவள் வீட்டில் அது ஒரு பாடமா? கைவிட்டுப் போன பணம். அதைச் சொல்வதா என்று நான் யோசிப்பதற்குள் அவளே மேலே சொன்னாள்.

அன்று காலையில் பக்கத்து ஆலைக்காரர் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தாராம். கேலியாகத்தான் சொன்னாராம், கெட்ட எண்ணத்தோடு இல்லை. "உங்க புள்ள படிச்ச படிப்பு உங்களைக் கட்டிப் போட்டுருச்சுங்க."

தாரணி சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். அப்பா என்ன சொல்லப் போகிறாரோ என்று குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தாளாம்.

பழனிசாமி சொன்னாராம்: "கட்டியெல்லாம் போடலைங்க. அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானுங்க. அதை வெச்சு முடிவு பண்ணுனோம். நாளைக்கு இன்னொரு முடிவு எடுக்கோணும்னாலும் அவகிட்டத்தான் கேப்பேன்."

நாம் பல ஆண்டுகள் படித்து, பரீட்சை எழுதி, பிறருக்கும் நடத்தி, ஆனாலும் நம் சொந்த வாழ்க்கையில் நஷ்டம் வரும்போது கைநழுவிப் போகும் ஒரு விஷயம். அதை நஷ்டப்பட்டவரே, நஷ்டத்துக்குக் காரணமான மகளுக்குக் கேட்கும்படி, இவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்.

"அவரு போனதுக்கப்புறம் அப்பா என் பக்கத்துல வந்து சேரைப் போட்டு உக்காந்தாருங்க மேடம். 'இப்ப வெலை மாறிப்போச்சு, மெஷின் வெலையும் மாறியிருக்கும். உன்ற கணக்குல எதை எதை மாத்தோணும், சொல்லு கண்ணு'ன்னு கேக்கறாரு. தோட்டத்தை வெக்காம, கையில இருக்கறதை வெச்சு ஒரே ஒரு மெஷின் போட்டா என்ன ஆகும்னு பாக்கோணுமாமா."

"என்ன வந்துச்சு?" என்றேன்.

"இன்னும் முடிக்கலைங்க மேடம். வெலை இப்படியே நிக்கும்னு நான் வெச்சேன். 'அப்படி வெக்காதே, எறங்குனா என்ன பண்ணறது, அதையும் ஒருக்காப் போடு'ங்கறாரு." அவள் சிரிப்பது கேட்டது. பின்னால் ஒரு ஆண் குரல் கூப்பிட்டது. "அப்பா கூப்புடறாருங்க மேடம். கரண்ட் பில்லுல என்னமோ சந்தேகமாமா. அப்புறம் பேசறனுங்க."

போனை வைத்துவிட்டாள்.